ஒரு துறைக்கு ஒரு பக்கம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் சும்மா செத்துவிட முடியாது. செத்தவர் அங்கே படித்தவராக இருந்தால் படிவம் ஏழு. பாடம் நடத்தியவராக இருந்தால் படிவம் ஒன்பது. படித்து, பிறகு அங்கேயே பாடமும் நடத்தித் தொலைத்தவராக இருந்தால் இரண்டும். இவற்றை வாங்கவும், திருப்பி அனுப்பவும், மறுபடி வாங்கவும் நினைவுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். மண்ணியல் துறையில் பாடம் நடத்த அந்த வருடம் மிஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர். பல்கலைக்கழகம் யாரை அதிகம் மதித்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

தையல்காரர் படிவம் ஒன்பதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மண்ணியல் பேராசிரியை. இருபத்தேழு வருடம் பாடம் நடத்திவிட்டு எட்டு மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். பேராசிரியைக்குத் தையல்காரர் எப்படிப் புருஷனானார் என்று கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் துணி தைக்கக் கொடுத்தார்கள். நாற்பது வருடம் ஊரார் உடம்பை அளந்தவர் அவர். ஆனால் அரசாங்கக் காகிதத்தைக் கண்டால் மட்டும் கை உதறல் எடுக்கும். ஆறு அடிக்கு அப்பால், தட்டச்சு இயந்திரத்தின் பின்னால், அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தப் பிரிவில் ஆறு வருடமாகத் தற்காலிகத் தட்டச்சர். அப்பாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பொண்ணைப் பார்க்காதீங்க," என்றார் கண்காணிப்பாளர். "ஆபீஸ் நேரத்துல அவங்க உங்க மகள் இல்ல."

கண்காணிப்பாளருக்குப் பிரிவில் வைத்திருந்த பெயர் 'ஆழ்ந்த வருத்தம்'. எதைப் பேசினாலும் அந்த இரண்டு சொல்லில்தான் தொடங்குவார். தேநீர் ஆறிப்போனாலும் சரி, ஆள் போனாலும் சரி.

"ஆழ்ந்த வருத்தம். உங்க மனைவி பத்தி பன்னிரண்டு சம்பவம் எழுதியிருந்தீங்க. பதினொண்ணு தள்ளுபடி. ஒண்ணு ஏத்துக்கிட்டோம்."

"எது சார்?"

"'காலையில் எழுந்து பல்கலைக்கழகத்துக்குப் போவாள்.' இது நல்லா இருக்கு. யாருக்கும் ஆட்சேபணை இல்ல."

தையல்காரர் பெஞ்சில் முன்னால் நகர்ந்தார். "மண்ணைக் கிள்ளித் தேய்ச்சுப் பார்த்தே என்ன மண்ணுன்னு சொல்லிடுவாள்னு எழுதினேனே?"

"அதுக்கு சாட்சி யாரு?"

"நான்தான் சார். கூடவே இருந்து பார்த்தேன்."

"நீங்க வேண்டியவரு. வேண்டியவங்க சொல்றது சாட்சி ஆகாது. அவங்களை அவ்வளவாத் தெரியாதவங்க ரெண்டு பேரு எழுதிக் கொடுக்கணும்." கண்காணிப்பாளர் பக்கத்தைத் திருப்பினார். அவர் குரல் தணிந்தது. "அப்புறம் இது. பதினோராவது. புது அரங்கம் இடியும்னு உங்க மனைவி மூணு கடிதம் எழுதினதா..."

"இடியும்னு இல்ல சார். இறங்கும்னு. அது தூர்த்த குளம். பத்தடி தோண்டினாலும் களிதான் வரும்னு சொன்னா. அவ எடுத்துட்டு வந்த மண்ணுக்கு நான்தான் பை தச்சுக் கொடுத்தேன். அறுபது பை. ஒவ்வொண்ணுலயும் சிவப்பு நூலால நம்பர் போட்டு..."

"நினைவு நாள் எந்த இடத்துல நடக்குது?"

"அந்த அரங்கத்துலதான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. கூப்பிட்டு மரியாதை செய்யறோம். வந்த இடத்துல வீட்டுச் சுவரைக் குறை சொல்ற விருந்தாளி உண்டா? அதுவும் செத்துப்போன விருந்தாளி?"

தையல்காரரின் கண் மேசைக்குப் போனது. மகளின் நிரந்தர வேலை உத்தரவு இந்த நினைவு நாள் முடிந்ததும் கையெழுத்தாக வேண்டும். கோப்பு கண்காணிப்பாளரின் மேசையில்தான் இருந்தது, தேநீர்க் கோப்பைக்கு அடியில்.

"இன்னொரு விஷயம்," என்றார் கண்காணிப்பாளர். "நினைவு மலருக்கு நாற்பது பக்கம்தான். ஒரு துறைக்கு ஒரு பக்கம். விதி அது. உங்க துறையில இந்த வருஷம் ரெண்டு பேர் போயிட்டாங்க. உங்க மனைவி, மூணு வாரம் கழிச்சு துறைத்தலைவர். அதனால சேர்த்துட்டோம்."

"பக்கத்தைப் பாதியாப் பிரிச்சா சார்?"

"பாதிப் பக்கம்னு ஒண்ணு விதியில இல்ல. ஆளைச் சேர்த்துட்டோம்."

அவர் நீட்டிய தாளைத் தையல்காரர் வாங்கிப் படித்தார். 'மண்ணியல் துறையின் மறைந்த மாண்பாளர், கம்பீரமான மீசையும் தாய்மை உள்ளமும் கொண்டவர். காலையில் எழுந்து பல்கலைக்கழகத்துக்குப் போவார். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை. புதிய அரங்கம் அமையவிருந்த நிலம் பாறை போல் உறுதியானது என்று ஆய்ந்து சான்றளித்த பெருமை அன்னாரையே சாரும்.'

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறார். போட்டு, தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தி இப்போதுதான் பார்க்கிறார். சான்றளித்தது துறைத்தலைவர். அதை எதிர்த்து மூன்று நாள் சாப்பிடாமல் கத்தித் தீர்த்தவள் இவள். இரண்டு பேரும் பிறகு சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஒரே ஆளாகிவிட்டார்கள்.

"சார், அவ கையெழுத்துப் போடல. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா பொறுப்பு யாரோடதுன்னு தெளிவா எழுதியிருக்கே," என்று கண்காணிப்பாளர் அன்போடு சொன்னார். "ஆழ்ந்த வருத்தம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தையல்காரர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் சொன்னது, "அந்தத் தாளை நான்தாம்ப்பா டைப் அடிச்சேன்," என்பதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா அதிர்ந்து பேசினதில்லன்னு அடிக்கும்போது விரல் ஓடல. ஆனா அடிச்சேன்."

"விடும்மா. வேலை."

"அது மட்டும் இல்லப்பா. இந்த வருஷம் மௌன அஞ்சலிக்கு மணி அடிக்கிறது நான்தான். மேடையில நிக்கணும். ரெண்டு நிமிஷம் கடிகாரம் பார்த்து, முடிஞ்சதும் மணி. பெரிய கௌரவமாம். அதை ஒழுங்கா முடிச்சா உத்தரவு."

தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் நுழையவே இல்லை. "மேடையிலயா? அந்த அரங்கத்து மேடையிலயா?"

"ஆமா."

"கதவு சரியா மூடுதா?"

மகள் செருப்பைக் கழற்றினாள். "போன வாரம் தச்சர் வந்து இழைச்சார். மூணாவது தடவை."

துணி ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தையல் விடும், அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கதவு சட்டத்தில் இடிக்கிறதென்றால் கதவு வளரவில்லை, சட்டம்தான் இறங்குகிறது. மனைவி இருந்திருந்தால் இந்நேரம் பதிவாளரின் மேசையைத் தட்டியிருப்பாள். அவள் எப்படிக் கத்துவாள் என்று நினைத்துப் பார்த்தார். அவள் குரல் நினைவுக்கு வரவில்லை. 'யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை' என்ற வரிதான் வந்தது, நல்ல கறுப்பு மையில், கோடு பிசகாமல். அரங்கத்தை விட அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. தையல் எந்திரத்தை வேகமாக மிதித்துச் சத்தத்தில் அதை மறக்கப் பார்த்தார்.

நினைவு நாளன்று காலை பத்து மணிக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. நானூறு பேர். சுவரில் ஓடிய விரிசலை மறைக்க, மறைந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். விரிசல் சாய்வாகப் போனதால் படங்களும் சாய்வாக ஏறின. மேலே இடம் கிடைத்தவர்களின் குடும்பத்தார் பெருமையோடும், கீழே கிடைத்தவர்களின் குடும்பத்தார் மனத்தாங்கலோடும் உட்கார்ந்திருந்தார்கள். மேடை மேசையில் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அது தையல்காரர் ஒருவர் கண்ணில் மட்டும் பட்டது.

முதல் வரிசையில் 'மண்ணியல் அன்னாரின் துணை' என்று அட்டை குத்திய இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் ஒல்லியான ஒரு அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் என் வீட்டுக்காரரோட வீட்டுக்காரரா?" என்றார் அவர்.

"ஆமாங்க... அப்படித்தான் போட்டிருக்காங்க."

"என் வீட்டுக்காரருக்குத் தாய்மை உள்ளமாம். சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு படிக்குதுன்னு தெரியாத மனுஷன்." துறைத்தலைவரின் மனைவி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த அரங்கத்துக்குள்ள அவர் ஒரு நாள்கூடக் காலெடுத்து வச்சதில்ல. திறப்பு விழா அன்னிக்குக் காய்ச்சல்னு படுத்துட்டார். தொட்டுப் பார்த்தேன், சூடே இல்ல. ஏன்னு கேட்டதுக்கு, 'அந்தம்மா சொன்னது சரிதான், கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்'னார்."

தையல்காரர் மேடையைப் பார்த்தார். மேடையின் ஓரத்தில் அவர் மகள் கையில் கடிகாரமும் வெண்கல மணியுமாக நின்றிருந்தாள். அவள் காலடியில் விரித்திருந்த கம்பளம் நடுவில் மெல்லிய குழியாகத் தாழ்ந்திருந்தது.

"அப்புறம் ஏங்க வந்தீங்க?"

"வராட்டி ஓய்வூதியக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டாங்களாம்."

பதிவாளர் பேச எழுந்தார். நல்ல உடல்வாகு, நல்ல குரல். அவர் எழுந்ததும் மேடைப் பலகை முனகியது. அதைக் கைதட்டலின் தொடக்கம் என்று எண்ணிப் பலர் கைதட்டினார்கள்.

"பெருமக்களே! மறைந்தவர்களே இந்தப் பல்கலைக்கழகத்தின் மிகச் சிறந்த உறுப்பினர்கள். அவர்கள் விடுப்புக் கேட்பதில்லை. கூட்டத்தில் மாற்றுக்கருத்துச் சொல்வதில்லை. கடிதம் எழுதுவதில்லை. உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தாலும் இப்போது பதில் எதிர்பார்ப்பதில்லை. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று சிலர் வருந்துகிறார்கள். மறைந்தவர் எண்ணிக்கையைப் பாருங்கள்! ஆண்டுக்கு ஆண்டு ஏறுமுகம். ஒருவர்கூட இடையில் விலகியதில்லை. இந்த அரங்கின் சுவரில் கோடு இருப்பதாகவும் சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், கோடு இல்லாத உள்ளங்கை உண்டா? அதை வைத்து யாராவது கை விழுந்துவிடும் என்பார்களா? நிலத்தைப் பற்றி மண்ணியல் மாண்பாளர் சான்றளித்துவிட்டார். அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர் இல்லை. ஆகவே அச்சான்று இனி மாற்ற முடியாதது."

கைதட்டல் ஓய்ந்ததும் துணைவர் உரைக்குத் தையல்காரரை அழைத்தார்கள். தொண்ணூறு விநாடி. தட்டச்சு செய்த அட்டையைக் கண்காணிப்பாளர் அவர் கையில் திணித்தார். தையல்காரர் ஒலிவாங்கியின் முன்னால் நின்றார். மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் கெஞ்சல் இருந்தது, பேசாதே என்றா பேசு என்றா, அவருக்குப் புரியவில்லை.

"என் மனைவி காலையில் எழுந்து பல்கலைக்கழகத்துக்குப் போவார்," என்று படித்தார். அடுத்த வரி கண்ணில் நிற்கவில்லை. வாயிலிருந்து அட்டையில் இல்லாத ஒன்று வந்தது. "இந்த இடம் இறங்கும்னு அவ சொன்னா. சத்தம் போட்டுச் சொன்னா. தயவு பண்ணி எல்லாரும் வெளிய வாங்க. கம்பளத்தைப் பாருங்க, தண்ணியைப் பாருங்க, நான் பொய் சொல்லல..."

ஒலிவாங்கி ஏற்கெனவே அணைக்கப்பட்டுவிட்டது. வாயசைவை மட்டும் பார்த்த பின்வரிசைக்காரர்கள், பாவம் மனுஷர் உருகிப் பேசுகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் அவர் முழங்கையைப் பிடித்து, "ஆழ்ந்த வருத்தம். உங்க பொண்ணு கோப்பு இன்னும் என் மேசையிலதான் இருக்கு," என்று காதோடு சொல்லி இறக்கிவிட்டார்.

துறைத்தலைவரின் மனைவி எழுந்து நின்றார். "ஓய்வூதியமாவது ஒண்ணாவது. நான் வெளிய போறேன். நீங்களும் வாங்க." இருவரும் நடந்தார்கள். வாசல்வரை போன தையல்காரரால் அதற்குமேல் போக முடியவில்லை. மகள் உள்ளே நிற்கிறாள். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

"மறைந்தோர் அனைவருக்காகவும் இரண்டு நிமிட மௌனம்!"

நானூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். நாற்காலிச் சத்தம் அடங்கியது. இருமல் அடங்கியது. அரங்கம் கட்டிய நாளிலிருந்து அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியில்தான் அது கேட்டது. கெட்டித் துணியை யாரோ மெதுவாக, அவசரமே இல்லாமல் கிழிப்பது போல, தரைக்குக் கீழிருந்து.

எல்லாருக்கும் கேட்டது. நானூறு ஜோடிக் கண்களும் கூரைக்குப் போய்விட்டுத் தரைக்கு வந்தன. ஆனால் ஒருவரும் அசையவில்லை. மௌனத்தில் அசைவது மறைந்தவர்களுக்கு அவமரியாதை என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தது. பக்கத்தில் இருப்பவர் அசைந்தால் நாமும் அசையலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். ஒரு சுவர்ப்படம் கழன்று விழுந்தது. கண்காணிப்பாளர் அதைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பதிவாளரின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

தையல்காரர் கத்த நினைத்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் மட்டும் நீட்டினார், குழந்தையாக இருந்தபோது நடை பழகிய மகளைக் கூப்பிட்டது போல. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். காலடியில் கம்பளத்தைப் பார்த்தாள். மணியை அடித்தாள்.

மௌனம் முடிந்தால் தேநீர். தேநீர் வெளியே மரத்தடியில். அதனால் நானூறு பேரும் ஓடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தேநீருக்குப் போனார்கள், வழக்கத்தைவிடச் சற்று ஆர்வமாக. முதல் கோப்பையை எடுத்தவர் பதிவாளர். மகளைத் தையல்காரர் படியிலேயே பிடித்துக்கொண்டார். கடைசி ஆள் வெளியே வந்து சர்க்கரை கேட்டபோது அரங்கத்துக்குள் பெரிய பெருமூச்சு ஒன்று எழுந்தது. மேடையும் முதல் நான்கு வரிசையும் ஒரு முழம் கீழே போய் உட்கார்ந்தன. ஜன்னல் வழியே புழுதி வந்து தேநீரில் படிந்தது. ஊதிவிட்டுக் குடித்தார்கள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது: 'அரங்கம் இறங்கியதாக வரும் செய்தி தவறு. தரை தனது புதிய மட்டத்தை அடைந்துள்ளது.' அதற்கு மறுநாள் மகளுக்குக் குறிப்பாணை வந்தது. நூற்று இருபது விநாடி மௌனத்தில் எண்பது விநாடி மட்டுமே அனுசரிக்கப்பட்டதாகவும், மறைந்தோருக்கு நாற்பது விநாடி குறைவு ஏற்பட்டிருப்பதாகவும், அக்குறைவை மணி அடித்தவரே அதே அரங்கில், பதிவாளர் முன்னிலையில் நிறைவு செய்ய வேண்டும் என்றும், தவறினால் நிரந்தர உத்தரவு வழங்கப்படாது என்றும் அதில் கண்டிருந்தது.

"நீ போக வேணாம்," என்றார் தையல்காரர். "நாம பட்டன் தச்சே பொழச்சுக்கலாம்."

"ஆறு வருஷம்ப்பா," என்றாள் மகள்.

குறித்த நாளில் அரங்க வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். கோப்போடு கண்காணிப்பாளர். பதிவாளர். கடிகாரமும் மணியுமாக மகள். அவள் சட்டைக் கையைப் பிடித்தபடி தையல்காரர். அன்னாரில் பாதிக்கு உரிமை உள்ளவர் என்ற முறையில் துறைத்தலைவரின் மனைவியும் வந்திருந்தார். கதவு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. உள்ளே தரை இருட்டில் சரிந்து போயிற்று.

"ம், உள்ள போம்மா," என்றார் பதிவாளர். "நாற்பது விநாடிதானே."

மகளின் குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. "உங்க முன்னிலையிலன்னு உத்தரவுல இருக்கு, ஐயா. நீங்களும் உள்ள வந்தாத்தான் செல்லும்."

"நான் இங்கிருந்தே பார்க்கறேன்."

"வெளிய நின்னா முன்னிலை ஆகாது. விதி பதினாறு. அதை டைப் அடிச்சதே நான்தான்."

பதிவாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆழ்ந்த வருத்தத்தோடு தலையாட்டினார். அரங்கம் பாதுகாப்பானது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் பதிவாளர். அவர் வேட்டைக்குப் போகிறவர் போல நெஞ்சை நிமிர்த்தி வாசற்படியில் ஏறினார். அவருக்கு அருகில் மகள் ஏறினாள். மகளின் கையை விடாமல் தையல்காரரும் ஏறினார். பதிவாளர் வலது காலைத் தூக்கி, உள்ளே வைப்பதற்காக நீட்டினார்.

உள்ளே எங்கோ ஒரு காரைக்கட்டி விழுந்து உருண்டது. உருண்டு, உருண்டு, வெகுநேரம் கழித்து நின்றது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பதிவாளர் முகம் பேயறைந்தது போலானது. அவர் பேசவில்லை. கண்காணிப்பாளருக்கு வருத்தம் தெரிவிக்கக்கூட வாய் வரவில்லை. துறைத்தலைவரின் மனைவி கைப்பையை மார்போடு அணைத்திருந்தார். தையல்காரரின் காதில், தூர்த்த குளம், தூர்த்த குளம் என்று ஒரு குரல். சத்தமான, பொறுமையில்லாத, மேசையைத் தட்டுகிற குரல். எட்டு மாதமாகத் தேடியும் கிடைக்காத குரல். ஐந்து பேரும் அந்த இருட்டையே பார்த்தபடி மூச்சை அடக்கி நின்றார்கள்.

மணி அடித்தது.

"நாற்பது விநாடி ஆயிடுச்சு, ஐயா," என்றாள் மகள்.

பதிவாளர் காலைப் பின்னால் இறக்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இடம்?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"வாசற்படி அரங்கத்தைச் சேர்ந்ததுதாங்க," என்றார் கண்காணிப்பாளர் அவசரமாக. "மௌனம் நிறைவுன்னு போட்டுடலாம்."

"நிரந்தர உத்தரவும் அதே கோப்புலதான் இருக்கு, ஐயா," என்றாள் மகள்.

எவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து போகலாம் என்ற ஒரே எண்ணத்தில் இருந்த பதிவாளர், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கண்காணிப்பாளர் பின்னால் ஓடினார்.

துறைத்தலைவரின் மனைவி தையல்காரர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மாவை இவங்க நிஜமாவே நெனச்சது இந்த நாற்பது விநாடிதான்," என்றார்.

தையல்காரர் தலையாட்டினார். மகளின் சட்டைக் கையை அவர் பல்கலைக்கழக வாசல் தாண்டும்வரை விடவில்லை.